தனித்தாள்

கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில்.
நொத்தாரிசு கந்தோரில் இருபத்திரண்டு வருஷம்.
ஒரு ழகரத்தின் வால் சுருங்கியிருந்தால்
ஆள் வேறு என்று சொல்லிவிடுவேன்,
அல்லது ஆள் பயந்திருந்தார் என்று.

நாவாந்துறைக் காணி ஒன்றுக்குத்
தாய் உறுதி தேடிய அன்று
கறையான் விட்டுவைத்த கட்டுக்குள்
உறுதியல்லாத ஒன்று கிடந்தது.
மூன்று தாள். துருவேறிய குண்டூசி.
அணுகுண்டைத் தடைசெய்,
முதலில் எறிகிற அரசு எதுவானாலும்
அது மனிதகுலத்துக்குக் குற்றவாளி என்று
தலைப்பில் தட்டச்சு.
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது, ஆடி.
சேகரித்தவர்: பொ. பீதாம்பரம்,
சுருட்டுத் தொழிலாளர், கொட்டடி.

ஸ்ரொக்ஹோமில் எழுதிய வாக்கியம்
கப்பலேறிக் கொழும்பில் தமிழாகி
மெயில் ரயிலில் வந்திறங்கி
இவருடைய சைக்கிளில் ஏறியிருக்கிறது.

முதல் தாள் முழுக்கப் பெருவிரல்கள்.
மை தேவைப்பட்டிராது,
புகையிலைக் கோடாவே போதும்.
எழுபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகும்
மூக்கருகே கொண்டுபோனால்
இல்லை, மணக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது.
கறையான் மண்தான் மணந்தது.

யக்கோ மரியாம்பிள்ளை, கரையூர், வள்ளத்தொழில்.
தன் பேரை இரண்டு தரம் எழுதியிருக்கிறார்.
ஒன்று போதாதென்று நினைத்தாரோ,
கடலுக்குப் போயிருந்த தம்பிக்கும் சேர்த்துப் போட்டாரோ.
இரண்டும் ஒரே கை.
சட்டப்படி ஒன்று செல்லாது.
நான் இரண்டையும் எண்ணினேன்.

சீனிமுகம்மது காசிம், தையல், சோனகதெரு.
நல்ல கை. பேருக்குக் கீழே
ஓட்டுத்தையல் போல ஒரு கோடு.

இரண்டாம் தாளில் பதினேழாவது வரி:
நன்னியன் கந்தன், சீவல்தொழில். புள்ளடி.
பதினெட்டாவது வரி வெறுமை.
அதற்குக் கீழும் வெறுமை.

மூன்றாம் தாளில் ஒரேயொரு பேர்.
முன்னால் ஒரு பட்டம், பின்னால் இரண்டு பட்டம்.
ஓரத்தில் பென்சிலால் பீதாம்பரம்:
ஐயா கோரிக்கைக்கு உடன்பாடு.
ஆனால் நன்னியனுக்குக் கீழே ஒப்பமிடமாட்டாராம்.
தனித்தாள் கேட்டார். கொடுத்தேன்.
குண்டு விழுந்தால் எந்தத் தாளில் விழும்
என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை. கையெழுத்து வேண்டியிருந்தது.

அணுகுண்டு எங்களுக்கு வரவில்லை.
மற்றதெல்லாம் வந்தது.
அவ்ரோவிலிருந்து உருட்டிவிட்ட பீப்பா,
பொம்மர், கோட்டையிலிருந்து ஷெல்,
பங்கருக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திய கை.
தாள் பிரித்துக் கேட்டவர் வீட்டுக்கும்
நன்னியன் வளவுக்கும்
ஒரே பின்னேரத்தில் விழுந்திருக்கலாம்.
அதற்கெதிராக ஒப்பமிட
ஒருவரும் சைக்கிளில் வரவில்லை.

சோனகதெருவுக்குக் குண்டுகூடத் தேவைப்படவில்லை.
ஒலிபெருக்கியும் இரண்டு மணித்தியாலமும் போதுமாயிருந்தன.
அறிவித்தது எங்கள் குரல்.

காசிமின் பேரன் போன மாசம்
புத்தளத்திலிருந்து வந்திருந்தான்.
வீட்டு உறுதி தொலைந்துவிட்டதாம்.
மூத்தவாப்பாவின் கையெழுத்து மாதிரி ஏதும் உண்டா என்றேன்.
ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவிடவில்லையே என்றான்,
என்னைக் குற்றஞ்சாட்டாத குரலில்.

இந்தப் புரட்டாதியில், பத்திரிகையின் உள்பக்கத்தில்,
மரண அறிவித்தல்களுக்கு மேலே நாலு வரி:
அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில்
இலங்கை சேர்ந்துகொண்டது.
குண்டு வைத்திருக்கும் ஒன்பதுபேரும்
அந்தப் பக்கமே வரவில்லை.
பீப்பாக்களை உருட்டிய அரசின் முத்திரை அதில் இருக்கும்.
தனித்தாளில்தான் குத்தியிருப்பார்கள்,
ஒப்பந்தங்களுக்கு அது வழக்கம்.
சிரிப்பு வந்தது. பிறகு
நல்லதுதானே என்றும் வந்தது.
இரண்டையும் எண்ணினேன்.

காசிமின் ஒப்பத்தைப் படமெடுத்துப்
பேரனுக்கு அனுப்பினேன்.
உடனே திருப்பிக் கேட்டான்:
அக்கா, இது எந்தக் காணிக்குப் போட்டது?

எழுதி அழித்தேன்.
எழுதி அழித்தேன்.
கந்தோர் பூட்டும் நேரமாகிவிட்டது.